கையை எடுக்கத் தெரிந்தவரே ஆசிரியர்

மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்தால், காயலுக்கு அப்பால் வெலிங்டன் தீவு தெரியும். பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வியாபாரக் கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு அந்தக் காட்சி முப்பது வருடப் பழக்கம். துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்ட தீவு அது. அதன் தெற்குப் பக்கத்தில்தான் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். கருடா இருக்கிறது. 1953-ம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டது. 1999-ல் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கும்வரை பயணிகள் விமானங்களும் இங்கேதான் வந்து போயின. ஊருக்குப் போகவும், உறவினரை வழியனுப்பவும் நம்மில் பலர் அங்கே காத்து நின்றிருக்கிறோம்.

அங்கிருந்து சில நாட்களில் ஒரே விமானம் திரும்பத் திரும்பக் கிளம்பும். ஏறும், ஊரைச் சுற்றி வட்டமடிக்கும், இறங்குவது போல் தாழ வரும், மறுபடியும் ஏறிவிடும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான்: "சார், அவங்களுக்கு இறங்க இடம் கிடைக்கலையா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. என் அக்கா மகள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, விமானத்தில் ஆர்வமில்லாதவர்களும் படிக்க வேண்டும் என்று எண்ணியே இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது விமானத்தைப் பற்றி மட்டுமல்ல, நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கும் விதத்தைப் பற்றியும்தான்.

அக்காவின் மனையும் மகளின் கனவும்

அக்கா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். மகள் விமானி ஆக வேண்டும் என்று சொன்னபோது வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அத்தான் ஒரு மனையை விற்றார், அக்கா நகையை வைத்தாள், மீதியை வங்கியில் கடனாக வாங்கினார்கள். நம் நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் பெற குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு மணி நேரமும் பணம். வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள்.

ஐந்தாறு மாதம் கழித்து விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் களையே இல்லை. இரவு சாப்பாடு முடிந்து மாடியில் உட்கார்ந்திருக்கும்போது மெல்லச் சொன்னாள்.

"மாமா, எங்கூடச் சேர்ந்தவங்க எல்லாம் தனியாப் பறந்துட்டாங்க. எனக்கு இன்னும் லேண்டிங்கே வரல. அம்மாகிட்ட சொல்லிராதீங்க. விட்டுரலாமான்னு இருக்கு."

"எங்கே தப்பு வருது?" என்று கேட்டேன்.

"அதுதான் மாமா தெரியல. கீழே வரும்போது சார் 'பிடி, பிடி'ன்னு சத்தம் போடுவாரு. நான் பிடிப்பேன். ஒருநாள் நல்லா இறங்கும். மறுநாள் தடால்னு விழும். நல்லா இறங்கின அன்னைக்கும் யார் இறக்கினாங்கன்னே எனக்குத் தெரியாது. அவர் கையும் கண்ட்ரோல்லயேதான் இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தைத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு பேருக்கும் ஒரே விமானம்

பயிற்சி விமானத்தில் இரண்டு இருக்கைகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. மாணவர் இடப்பக்கம், ஆசிரியர் வலப்பக்கம். ஒருவர் அசைத்தால் மற்றவர் கையிலும் அது அசையும். இது வசதி, ஆபத்தும் கூட. இருவரும் 'அவர் ஓட்டுகிறார்' என்று நினைத்தால் யாருமே ஓட்டவில்லை என்று ஆகிவிடும். இருவரும் 'நான் ஓட்டுகிறேன்' என்று நினைத்தால் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்ட வேண்டியதுதான். அதனால் உலகமெங்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆசிரியர், "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாணவர், "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். திரும்ப வாங்கும்போதும் அப்படியே. பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதில் சந்தேகமே வரக்கூடாது.

இப்படி முறையாகக் கற்றுக்கொடுப்பது ஆரம்பத்திலேயே வந்துவிடவில்லை. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பயிற்சியிலேயே ஏராளமான இளைஞர்கள் உயிரிழந்தார்கள். போர்முனையில் களைத்துப்போனவர்களையும் பறக்கத் தெரிந்த யாரையும் ஆசிரியர் ஆக்கிவிடுவார்கள். அவர்களுக்குக் கற்பிக்கவும் தெரியாது, மாணவனிடம் விமானத்தைக் கொடுக்கவும் பயம். 1917-ல் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி காஸ்போர்ட் என்ற ஊரில் இதை மாற்றினார். மாணவனை முதலிலிருந்தே விமானியின் இருக்கையில் உட்கார வைத்தார். ஆவ்ரோ 504 விமானத்தின் இரைச்சலில் பேச்சு கேட்பதற்காக, ஆசிரியர் வாயிலிருந்து மாணவன் காதுக்கு ஒரு குழாய் வைத்தார்கள். அதற்கு 'காஸ்போர்ட் குழாய்' என்றே பெயர் வந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. அதுவரை 'விமானம் சுழல ஆரம்பித்தால் ஆபத்து, அந்தப் பக்கமே போகாதே' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்மித்-பாரி, போதுமான உயரத்துக்குப் போய், வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு, அது ஏன் சுழல்கிறது, எப்படி மீள்வது என்று மாணவனையே செய்ய வைத்தார். ஆபத்தைக் கண்டு ஓடக் கற்பிக்காமல், ஆபத்திலிருந்து வெளியே வரக் கற்பித்தார். இன்றைக்கும் உலகெங்கும் பறக்கக் கற்பிக்கும் முறைக்கு அதுவே அடிப்படை என்றால் மிகையாகாது.

தாம்பரத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பள்ளி

விடுமுறை முடிந்து போன அக்கா மகளுக்கு நல்ல காலம், பழைய ஆசிரியர் வேறு பொறுப்புக்கு மாறியிருந்தார். புதிதாக வந்தவர் விமானப்படையில் ஓய்வு பெற்ற பெரியவர். தாம்பரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்.

தாம்பரம் என்றால் நமக்கு மின்சார ரயிலும் பேருந்து நெரிசலும்தான் நினைவுக்கு வரும். அங்கே இந்திய விமானப்படையின் விமானப் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படையினர் மட்டுமல்ல, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை, நட்பு நாடுகளின் விமானிகளும் அங்கே வந்து படிக்கிறார்கள். 'வித்யா தானேன வர்த்ததே' என்பது அதன் குறிக்கோள் வாக்கியம். கொடுக்கக் கொடுக்கக் கல்வி வளரும் என்று பொருள்.

அங்கே சேருகிறவர்கள் ஏற்கெனவே நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள். பிறகு எதற்குப் பள்ளி? பறக்கத் தெரிவது வேறு, பறக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு. விமானப் பயிற்றுநருக்கான பயிற்சியில், கை ஒரு வேலையைச் செய்யும் அதே நேரத்தில் வாய் அதை ஒழுங்காக விளக்க வேண்டும். சொல் முந்தியும் போகக்கூடாது, பிந்தியும் வரக்கூடாது. கூட வரும் மூத்த ஆசிரியர் ஒன்றும் தெரியாத மாணவனைப் போல் நடித்து, வேண்டுமென்றே தப்புச் செய்வார். இவர் அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் மேலாக, அந்தத் தப்பின் வேரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் சமையற்கட்டிலேயே இதைப் பார்க்கலாம். என் அம்மா வைக்கும் ரசத்துக்கு இணை கிடையாது. எப்படி என்று கேட்டால், "போட வேண்டியதைப் போட்டு இறக்கணும்" என்பாள். அவ்வளவுதான் பாடம்!

கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது

புதிய ஆசிரியர் முதல் நாள் அவளோடு பறந்தபோது ஒன்றுமே திருத்தவில்லையாம். இறங்கிய பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்து, "நீயே சொல்லு, எங்கே சரியா இருந்துச்சு, எங்கே சரியா இல்ல?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

பிறகு அவர் கேட்ட கேள்வி: "தரைக்குப் பக்கத்துல வந்ததும் நீ எங்கே பார்க்கிறே?"

அவள் விமானத்தின் மூக்குக்கு முன்னால் ஓடிவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் கோளாறு. பக்கத்துத் தரை வேகமாக விரைவதால் உயரம் எவ்வளவு என்று கண்ணுக்குப் பிடிபடாது. இறங்கும் விமானத்தை, தரைக்குச் சற்று மேலே மூக்கை மெல்ல உயர்த்தி, கிடையாக மிதக்கவிட்டு, வேகம் குறையக் குறையத் தானாக அமரவைக்க வேண்டும். உயரம் தெரியாதவள் ஒருநாள் முன்னதாகவே மூக்கை உயர்த்தினாள், விமானம் மேலேயிருந்து தொப்பென்று விழுந்தது. மறுநாள் தாமதித்தாள், சக்கரம் ஓங்கி மோதியது. "பிடி" என்று எவ்வளவு சத்தம் போட்டாலும் அவளுக்கு உதவியிருக்காது. பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், எப்போது என்றுதான் தெரியவில்லை.

"ஓடுபாதையோட அந்தக் கடைசியைப் பாரு" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு, அவள் பார்க்கும்படியாகத் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா, அந்தக் கை மடியில இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிப் போச்சு. ஆனா அன்னைக்கு இறக்கினது நான்தான்னு எனக்குத் தெரிஞ்சுது. கொஞ்சம் குதிச்சுது. பரவாயில்ல, அது என் குதி!" என்று போனில் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு கண் கலங்கியது.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு துணிச்சல் காட்டினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வேலையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. மேலே மூவாயிரம், நாலாயிரம் அடியில் மாணவர் தப்புச் செய்தால் நிறைய விட்டுக்கொடுக்கலாம். அது தப்பு என்று அவரே உணர்ந்து, அவரே சரிசெய்ய நேரம் இருக்கிறது. தரையை நெருங்க நெருங்க அந்த இடைவெளி சுருங்கும். எதுவரை விட்டால் மீட்க முடியும் என்ற கோடு ஆசிரியருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே பறித்துக்கொண்டால் மாணவர் கற்க மாட்டார். கோட்டைத் தாண்ட விட்டால் இருவரும் இருக்க மாட்டார்கள்.

காலி இருக்கை

அதன்பின் மூன்றாவது வாரம். நாலைந்து வட்டம் முடிந்ததும் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, "ஒரே ஒரு சுற்று. போயிட்டு வா" என்று இறங்கி நடந்துவிட்டார். முதல் தனிப் பறப்புக்கு நாள் குறித்துச் சொன்னால் மாணவர் இரவெல்லாம் தூங்க மாட்டார் என்பதால் பல ஆசிரியர்கள் இப்படித்தான் செய்வார்களாம்.

ஓர் ஆளின் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சட்டென்று மேலே ஏறியது. இறங்கும்போது கொஞ்சம் கூடுதலாக மிதந்தது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஒரு வட்டம் முடிய சில நிமிடங்கள்தான். அதற்குள் வலப்பக்கத்துக் காலி இருக்கையை அவள் ஒரே ஒரு முறை பார்த்தாளாம். பிறகு பார்க்க நேரமில்லை. இறங்கி வந்ததும் கூட்டாளிகள் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். அக்காவுக்கு அன்றுதான் முழுக்கதையும் சொன்னோம்.

இந்த நேரத்தில் ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். விமானப் பயிற்சியாளரான வி.சுந்தரத்தின் மனைவி உஷா சுந்தரம், பெங்களூர் ஜக்கூரில் உள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் பயிற்சி முடித்தவர். அந்தப் பள்ளியை நடத்திய பொறுப்பு சுந்தரத்துடையது. நேருவும் பட்டேலும் பயணம் செய்த விமானங்களில் கணவரோடு இணை விமானியாகப் பறந்தவர் உஷா. 1951-ல் இருவரும் ஒரு டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் இந்தியாவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் நம்பி விமானத்தைக் கொடுக்கத் தெரியாமல் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியுமா?

நம் கண்ணெதிரே, காயலுக்கு அப்பாலும் இது நடந்தது. கடற்படையின் முதல் பெண் விமானியாக ஷிவாங்கி 2019 டிசம்பர் 2-ம் தேதி கொச்சியில் தம் தகுதியைப் பெற்றார். 1959 முதல் இயங்கும் ஐ.என்.ஏ.எஸ். 550 என்ற படைப்பிரிவில், 2020 அக்டோபரில் அவரும் திவ்யா சர்மாவும் சுபாங்கி ஸ்வரூப்பும் டார்னியர் விமானத்தில் முழுப் பயிற்சி முடித்த முதல் பெண்கள் ஆனார்கள்.

வகுப்பில் அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவர்களுக்கு இறங்க இடம் கிடைக்காமல் இல்லை, தம்பி. இறங்கும் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்.

என் கை எங்கே இருந்தது?

இனி என் கதைக்கு வருகிறேன். நம் தமிழ் வகுப்பு தொடங்கியபோது இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு வருடத்தில் ஏழு பேர் மிஞ்சினார்கள். மலையாளப் பள்ளி, ஆங்கிலப் பாடம், டியூஷன், டிவி என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். என் மேல் போடவில்லை.

ஒரு பையன் 'காந்தி' என்ற சொல்லை எப்போதும் தவறாகவே வாசிப்பான். முதல் எழுத்தைக் 'காது' என்பதில் வருவது போல அழுத்தி உச்சரிப்பான். நான் உடனே குறுக்கிட்டு நானே சரியாக வாசித்துவிடுவேன். அவன் என் பின்னால் சொல்லுவான். அடுத்த வாரம் மறுபடியும் அதே தப்பு. "எத்தனை தடவைடா சொல்றது?" என்று கத்தியிருக்கிறேன்.

அக்கா மகளின் கதையைக் கேட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ ஏன் இப்படி வாசிக்கிறே? எனக்குச் சொல்லு" என்றேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், மலையாளத்துல காந்திக்கு வேற எழுத்து. இங்கே காதுக்கும் காந்திக்கும் ஒரே எழுத்துதான் இருக்கு. எது எங்கே வரும்னு எப்படித் தெரியும்?"

எவ்வளவு நியாயமான கேள்வி! மலையாளத்தில் க வரிசைக்கு நான்கு எழுத்துகள். தமிழில் ஒன்றுதான். சொல்லைத் தெரிந்துகொண்டுதான் ஒலியைத் தீர்மானிக்க வேண்டும். மலையாள எழுத்தில் கெட்டிக்காரனாக இருந்ததால்தான் அவன் தடுமாறினான். அவன் கண் எங்கே பார்க்கிறது என்று நான் ஒரு வருடமாகக் கேட்கவேயில்லை. 'பிடி, பிடி' என்று கத்திக்கொண்டு, என் கையை அவன் கண்ட்ரோலிலேயே வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து வகுப்பில் சில விதிகள் வைத்துக்கொண்டேன். பிள்ளை வாசிக்கும்போது வாக்கியம் முடியும்வரை நான் வாய் திறப்பதில்லை. முடிந்ததும், எங்கே தடுமாறியது என்று அவர்களே சொல்ல வேண்டும். தப்பைக் கேட்டு யாரும் சிரிக்கக்கூடாது, நான் உட்பட. தப்புச் செய்வதற்கு உயரம் வேண்டும். பரீட்சை இல்லாத, கேலி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக்கூடிய உயரம்.

ஏழு பேர் இப்போது பன்னிரண்டு ஆகியிருக்கிறார்கள். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் சென்ற மாதம் அந்தப் பையன் பாளையங்கோட்டையிலிருந்து என் அக்கா எழுதிய கடிதத்தை வகுப்பில் நின்று வாசித்தான். நான்கு இடத்தில் தடுமாறினான். மூன்றை அவனே திருத்திக்கொண்டான். நான் என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஜயதசமி அன்று நாமும் நம் மலையாளி அண்டை வீட்டாரும் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுத வைக்கிறோம். பிடிப்பது எப்படி என்று எல்லாப் பெரியவர்களுக்கும் தெரியும். பெற்றோர்களே, இந்த வருடம் ஒன்று செய்யுங்கள். மூன்றாவது எழுத்துக்கோ நான்காவது எழுத்துக்கோ உங்கள் கையை எடுத்துப் பாருங்கள். எழுத்து கோணலாகத்தான் வரும். வரட்டும். அது அந்தப் பிள்ளை எழுதிய எழுத்து.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. பிள்ளைகளை அனுப்புங்கள். மேலே விமானம் வட்டமடித்தால், ஐந்து நிமிடம் வேடிக்கை பார்க்கவும் அனுமதி உண்டு.